பாட்டிலுக்குப் போன பெயர்

எங்கள் அப்பத்தா 'எர்ஸ்கின் ஆஸ்பத்திரி' என்று சொல்லும்போதெல்லாம் கை தானாகக் கும்பிடும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அப்போது அந்தப் பெயர். இன்றைய அரசு இராஜாஜி மருத்துவமனை. அப்பத்தா கும்பிட்டது அங்கே இரும்புக் கம்பியில் தலைகீழாகத் தொங்கிய கண்ணாடிப் பாட்டிலை. 1971 கோடையில் என் தம்பியின் உயிரைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பாட்டில். நோய்நொடி என்றால் எங்கள் குடும்பம் எதை நம்பும் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அன்றைய சமயநல்லூரில் மதுரை–திண்டுக்கல் பாதையில் ஒரு சின்ன ரயில் நிலையம், ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல், தெற்கே நடந்தால் வைகை. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மோந்து மோந்து குடம் நிரப்புவோம். சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு ஊரில் யாருக்காவது வாந்தி பேதி வந்துவிடும். திருவிழாவுக்கு முன்னால் காலரா ஊசி போட ஆள் வருவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

தம்பிக்கு அப்போதுதான் ஒரு வயது தாண்டியிருந்தது. காலையில் ஆரம்பித்த வயிற்றுப்போக்கு மத்தியானத்துக்குள் வெறும் தண்ணியாகப் போக ஆரம்பித்தது. 'சீர் தட்டியிருக்கு' என்றார் எதிர்வீட்டுப் பெரியம்மா. 'குடல் ஏறியிருக்கும்' என்றார் இன்னொருவர். தொக்கம் எடுப்பவரைக் கூட்டிவந்தார்கள். எண்ணெய் தொட்டு வயிற்றை உருவிவிட்டுப் போனார். காரணத்தில் ஆளுக்கொரு பேச்சு இருந்தாலும் வைத்தியத்தில் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான்: பச்சைத் தண்ணி காட்டக் கூடாது. 'உள்ள போறதுதான ஆத்தா வெளிய வருது? உள்ள போறத நிப்பாட்டுனா தன்னால நின்னுபோகும்' என்றார் அப்பத்தா. தம்பி மூலையில் இருந்த சொம்பைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். அம்மா முந்தானையை நனைத்து அவன் உதட்டை மட்டும் துடைத்தார். சாயங்காலம் அவன் அழுதான். கண்ணில் தண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி கிண்ணம் போலக் குழிந்திருந்தது.

அப்பத்தாவைப் படிக்காதவர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது. அந்தக் காலத்தில் படித்த டாக்டர்களும் வயிற்றுப்போக்கு வந்தால் குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, குழந்தையை ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போட்டார்கள். மேலைநாடுகளிலும் அதே வழக்கம்தான். அப்பத்தா சொன்னதும் அவர்கள் எழுதிவைத்ததும் ஒன்றுதான்.

ராத்திரி பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். கையில் நரம்பு அகப்படவில்லை. கணுக்காலில் சின்னதாகக் கீறி, ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து ஊசியைச் செருகினார்கள். பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. விடியும்போது தம்பி அம்மா மடியை நனைத்தான். அந்த ஈரச் சேலையை அம்மா வெகு நேரம் மாற்றவே இல்லையாம். பிள்ளை மூத்திரம் போய்விட்டான், பிழைத்துவிட்டான் என்று அப்பத்தா வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாராம். மூத்திரத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டது மிகச் சரி. உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம்தான் முதலில் சிக்கனம் பிடிக்கும்; ரத்த ஓட்டம் சீரானால்தான் மறுபடி திறக்கும். இன்றைக்கும் டாக்டர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான்.

அதே கோடையில், நாட்டின் இன்னொரு மூலையில் நடந்ததை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த 1971. எல்லையோரம் பன்காவ் என்ற ஊரில் காலரா. இரண்டே அறைகள், 16 படுக்கைகள். தரையெல்லாம் நோயாளிகள், ஊசி போட வேண்டுமென்றால் அவர்களின் கழிவில் மண்டியிட்டுத்தான் போட வேண்டும். நரம்பில் ஏற்றும் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் நிறுத்துப் பையில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் சூடுவைத்து வாயை ஒட்டி, முகாமுக்குக் கொண்டுவந்து பீப்பாயில் கரைத்தார்கள். நோயாளியின் அம்மாவும் அக்காவும் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. டாக்கா ஆராய்ச்சிக்கூடத்தில் 1968-லேயே டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளிடம் நிரூபித்திருந்த முறைதான் அது. படிக்காத கைகளும் அதைச் செய்ய முடியும் என்று காட்டியவர் மகலனாபிஸ். 2022-ல் இறந்தார், மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பன்காவில் குடிக்கக் கொடுத்துப் பிழைக்க வைத்த அதே நாட்களில், சமயநல்லூரில் ஒரு பிள்ளைக்குச் சொம்பை எட்டத் தள்ளி வைத்தோம். இதை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

நான் செவிலியர் மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்துகிறவள். குடல் பாடம் வரும்போது ஒரு கணக்கில்தான் தொடங்குவேன். நாம் ஒரு நாளில் குடிப்பதும் உணவில் சேர்வதுமாக இரண்டு லிட்டர் நீர் உள்ளே போகிறது. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர், குடலின் சொந்தச் சுரப்பு என்று உடம்பே இன்னொரு ஆறேழு லிட்டரைக் குடலுக்குள் ஊற்றுகிறது. ஆக எட்டு, ஒன்பது லிட்டர். இதில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லி மட்டும். மீதி அத்தனையும் குடல் சுவர் வழியாக ரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. வயிற்றுப்போக்கில் வெளியே கொட்டுவதில் பெரும்பங்கு உடம்பு தானே ஊற்றிய நீர். வாயை அடைத்தால் அது நிற்காது. 'உள்ள போறதுதான வெளிய வருது' என்ற அப்பத்தாவின் கணக்கு பிசகியது இங்கேதான்.

காலராக் கிருமியின் நச்சு குடல் செல்களைப் பிடித்து உப்பை வெளியே இறைக்க வைக்கிறது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீரும் பின்னாலேயே போகும். இந்த நச்சு இருக்கிறதென்று 1959-ல் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் டே. உப்பை உள்ளே இழுக்கும் சாதாரண வழி அப்போது அடைபட்டுவிடும். அதனால் வெறும் உப்புத் தண்ணீர் குடித்துப் பயனில்லை. வெறும் தண்ணீரும் அவ்வளவாக நிற்காது. ஆனால் குடல் சுவரில் இன்னொரு வாசல் உண்டு. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும்: குளுக்கோஸ் ஒன்றுக்குச் சோடியம் இரண்டு. இப்படி ஜோடியாக நுழைவதை ராபர்ட் கிரேன் 1960-ல் சொன்னார். காலராவின் நச்சு இந்த வாசலைத் தொடுவதே இல்லை. ஜோடி உள்ளே நுழைந்ததும் தண்ணீர் பின்தொடர்கிறது. குழந்தைக்குப் பேதி போய்க்கொண்டிருக்கும் அந்த நிமிஷத்திலும் வாசல் திறந்தேதான் இருக்கிறது. இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். பிள்ளைகளுக்கு அது மனத்தில் இறங்க வேண்டும்.

தாகமும் அந்தப் பாடத்தில்தான் வருகிறது. ரத்தத்தின் அடர்த்தி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே மூளையின் ஹைப்போதலாமஸ் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் தேடச் சொல்லும். சிறுநீரைச் சுருக்கச் சொல்லி ஹார்மோனை அனுப்பும். ஒரு வயதுப் பிள்ளை சொம்பை நோக்கிக் கை நீட்டுவது அந்த உத்தரவின்படிதான். அந்த வீட்டில் அன்றைக்குச் சரியான வைத்தியம் தெரிந்திருந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

எங்கள் அடுப்பங்கரையில் தினமும் சோறு வடித்தார்கள். வடிகஞ்சியில் உப்புப் போட்டு, வயலுக்குப் போகும் ஆட்களுக்கு அப்பத்தா ஊற்றிக் கொடுப்பார். அரிசி மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடையும், கூட உப்பு, கூடத் தண்ணீர். ஜோடி வாசலுக்கு வேண்டிய மூன்றும் அந்தச் சட்டியில் இருந்தன. டாக்காவில் அரிசிக் கஞ்சியையே மருந்தாக்கிப் பார்த்துக் காலராவில் நல்ல பலன் கண்டார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்தால் பேதி குறைகிறது, சீக்கிரமும் நிற்கிறது என்று 2000-ல் எழுதினார்கள். திடமான ஆளுக்குத் தெம்புக்காகக் கொடுத்த கஞ்சியை, தேவைப்பட்ட அன்றைக்குப் பிள்ளையிடமிருந்து மறைத்து வைத்தோம்.

பிறகு காலம் மாறியது. 1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில், கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் தொடங்கியது. மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டுச் சத்துமாவு கொடுத்த பெண்களே, பேதி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு நர்சம்மா வந்து திண்ணையில் உட்கார்ந்து கரைத்துக் காட்டியது நினைவிருக்கிறது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்; கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கக் கூடாது. அப்பத்தா ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, 'இத எவ வேணாலும் கலக்கிருவாளே, இதுவா மருந்து?' என்று கேட்டார். வங்கதேசத்தில் பிராக் அமைப்பின் பெண்கள் 1980-லிருந்து பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் போய் ஒரு கோடிக்கும் மேலான வீடுகளில் உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தாய்மார் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்து, அதற்கேற்பத்தான் அந்தப் பெண்களுக்குச் சம்பளம். கற்றுக்கொடுக்கிற எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை.

இன்றைய சமயநல்லூரில் நாலுவழிச் சாலை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்குச் சொட்டு மருந்து 2016-ல் இந்தியாவிலும் 2017-ல் தமிழ்நாட்டிலும் வந்துவிட்டது. அந்தக் கரைசலுக்கான பொடி ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாக அங்கன்வாடியில் சும்மாவே கிடைக்கிறது. பச்சைத் தண்ணி காட்டாதே என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

போன கோடையில் தம்பியின் பேத்திக்கு வயிற்றுப்போக்கு. அவனே தாத்தாவாகிவிட்டான். பேத்திக்கு மூன்று வயது. நான் போனபோது கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டு பிஸ்கட் கேட்டாள். நாக்கு ஈரமாக இருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டேன், உடனே படிந்துவிட்டது. அழவும் அழுதாள், கண்ணீரும் வந்தது. மேசைமேல் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. தம்பி சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நின்றான், குளுக்கோஸ் ஏற்ற. 'பவுடரக் குடுத்து அனுப்பிட்டாக அக்கா. தனியார்ல போயி ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பாயிருவா' என்றான். நான் தடுத்ததும் அவன் சொன்னதை மறக்க முடியாது: 'நீ பாடம் நடத்துறவ அக்கா. நான் பாட்டில்ல பொழச்சவன்.'

அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அவனிடம் பேசுவது சிரமம். அன்றைக்கு அவன் இருந்த நிலையில் நரம்பில் ஏற்றியிருக்காவிட்டால் செத்திருப்பான். ஆனால் அந்த நிலைக்கு அவனைத் தள்ளியது, பகல் முழுக்கக் கொடுக்காமல் விட்ட தண்ணீர். முதல் பேதியிலிருந்து உப்புக் கஞ்சி கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் பாட்டில் வரை போயிருக்கவே வேண்டாம். நடக்காமல் தடுத்த வைத்தியத்துக்கு யார் பெயர் வைப்பார்கள்? கண்ணுக்கு முன்னால் சொட்டிய பாட்டிலுக்கே பெயர் போனது. தமிழ்நாட்டில் 'ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க' என்று கேட்கும் குடும்பங்கள் பலவற்றுக்குப் பின்னால் எங்களுடையதைப் போல ஒரு ராத்திரி இருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கேலி செய்யாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என் மாணவிகளுக்கு.

தம்பிக்குக் கணக்காகத்தான் சொன்னேன். ஐந்து சதவீதக் குளுக்கோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. மிஞ்சிப்போனால் 100 கலோரி. இரண்டு இட்லியில் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதில் உப்பு கிடையாது. பேதியில் உப்பை இழந்த குழந்தைக்கு அதை மட்டும் ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். சலைன் பாட்டிலில் லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு. சத்து என்று ஒன்றுமே இல்லை. மேசையில் கிடந்த பாக்கெட்டிலோ குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. ஆக 20.5 கிராம். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் பழைய அளவைக் குறைத்து இப்படித் திருத்தியது. அடர்த்தி குறைந்ததும் வாந்தியும் பேதியும் குறைந்தன. தம்பி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான். ஊசி இல்லாமல் இது எப்படி உடம்பில் சேரும் என்று கேட்டான். பேத்தி டம்ளரை வாங்கி மடக்கென்று குடித்தாள்.

இன்னொரு ஆபத்தும் இந்தக் காலத்தில் வந்து சேர்ந்தது. மருந்துக்கடைக் குளிர்பெட்டியில், அட்டைப் பெட்டியில், பழப் படம் போட்டு ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தோடு விற்ற பானங்கள். பலவற்றில் சர்க்கரை உண்மையான கரைசலைப் போலப் பல மடங்கு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் போனால் அது தண்ணீரை ரத்தத்திலிருந்து குடலுக்கு இழுத்து, பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்த எழுத்தைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. அன்று அறியாமையால் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. பின்னாளில் காசு கொடுத்து வாங்கியும் சரியான தண்ணீர் கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, பேதி வந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 61 பேருக்குத்தான் இந்தியாவில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. உலகில் ஐந்து வயதுக்குள் பேதியால் சாகும் குழந்தைகள் ஆண்டுக்கு நாலு லட்சத்துக்கும் மேல். பிரிட்டனின் லேன்செட் இதழ் இந்தக் கரைசலை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று 1978-ல் எழுதியது. எழுதி எத்தனை வருஷம் ஆகிறது!

படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பக்கத்துச் சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ கேட்டு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் வையுங்கள்; காலாவதித் தேதியைப் பாருங்கள். பெரிய பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் கரைத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. அளவுக்குக் காலி லிட்டர் பாட்டில் போதும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். டாக்டரோ நர்சம்மாவோ கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும், சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள். குழந்தை குடிக்க மாட்டாமல் துவண்டாலோ, கண் குழிந்து, கிள்ளிய தோல் மெல்லப் படிந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் போகாமலே இருந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பாட்டில் தேவைப்படுவது அப்போதுதான். போகிற வழியெல்லாம், விழுங்க முடிகிற வரைக்கும், கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.